கயிறு யார் கையில்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கப்பலேறும் கன்டெய்னர் ஒன்று, கிரேன் அதைத் தூக்குவதற்கு முன்பே பல கம்ப்யூட்டர்களைத் தாண்டி வந்திருக்கும். சுங்கத் தாக்கலுக்கு ஐஸ்கேட் தளம் இருக்கிறது. கப்பல் ஏஜென்ட், டெர்மினல், துறைமுகம், வங்கி எல்லோரும் தகவல் பரிமாறிக்கொள்ள இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 2018 டிசம்பரில் பிசிஎஸ் 1எக்ஸ் தளத்தைக் கொண்டுவந்தது. இவை போக, கன்டெய்னர் சரக்கு நிலையங்களும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்களும் தங்கள் தேவைக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் சிறு வெப் அப்ளிகேஷன்கள் உண்டு. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தச் சிறு அப்ளிகேஷன்கள்மேல்தான். அவற்றில் ஒன்றில் பட்டனை அழுத்துகிறவருக்கு ஒரு விநாடிக்குள் பதில் வேண்டும். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் வேலையோ, வெளித் தளத்துக்கு ஆவணம் அனுப்புவது, நாற்பது பக்க பிடிஎஃப் தயாரிப்பது, லாரி டிரைவருக்கு எஸ்எம்எஸ் போடுவது என்று அரை நிமிடம்கூட இழுக்கும். புரோகிராமருக்கு ஆசை வருவது இந்த இடத்தில்தான். புதிதாக ஒரு த்ரெட்டைக் கிளப்பி வேலையை அதன் தலையில் கட்டிவிட்டால் பயனருக்கு உடனே ‘ஆச்சு’ என்று சொல்லிவிடலாம். மூன்று வரி கோடு போதும்.

ப்ராசஸ் என்பது தனக்கென ஒதுக்கப்பட்ட மெமரியோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். த்ரெட் என்பது அந்த ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. ஒரே ப்ராசஸுக்குள் நூறு த்ரெட்கள் ஓடலாம். எல்லாம் ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொள்ளும். வெப் அப்ளிகேஷன் தன்னிஷ்டத்துக்கு இவற்றில் எதையும் உண்டாக்கக் கூடாது என்பது இருபத்தைந்து ஆண்டுகளாக இத்தொழிலில் ஓதப்படும் பாடம். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பாதி இன்று காலாவதியாகிவிட்டது. மீதிப் பாதி முன்பைவிட இப்போது கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் வாதம். செலவைப் பற்றிய காரணம் தேய்ந்துபோனது. பொறுப்பைப் பற்றிய காரணம் அப்படியே நிற்கிறது: உண்டாக்கியதை யார் எண்ணுகிறார்கள், அது முடியும்வரை யார் காத்திருக்கிறார்கள், நடுவில் செத்தால் யாருக்குத் தெரியும்?

1993-ல் வந்த சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ப்ராசஸ் ஒன்று பிறந்து, பதிலை எழுதிவிட்டு மடிந்தது. எவ்வளவு மோசமாக எழுதிய புரோகிராமும் மறுநொடி ஒழிந்துவிடுவதால் மெமரி கசிவு என்ற பேச்சே இல்லை. அந்த வகையில் அது சுத்தமான முறை. விநாடிக்கு நூறு பேர் வந்தபோதுதான் பிரசவச் செலவு தாங்கவில்லை. ஆகவே சர்வர்கள் ஆட்களை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளத் தொடங்கின. அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறையில் வழக்கமான உச்சவரம்பு 256 ப்ராசஸ். ஜாவா சர்வரான டாம்கேட்டில் 200 த்ரெட். இந்த வரம்புகளைப் பலர் ஒரு தடையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் சர்வர் செய்யும் வேலைகளில் ஆகப் பயனுள்ளது இதுதான்: இருநூறு பேரை உள்ளே விட்டபின் அடுத்தவரை வரிசையில் நிற்கவைக்கும். ஜாவா சர்வர்களுக்காக 2001-ல் வந்த இஜேபி 2.0 விதிமுறை இன்னும் ஒருபடி மேலே போய், பீன்கள் எனப்படும் அப்ளிகேஷன் பகுதிகள் த்ரெட்டுகளைத் தொடங்கவோ நிறுத்தவோ முயலக் கூடாது என்று எழுதியே வைத்தது. த்ரெட்டுகள் சர்வரின் சொத்து, விருந்தாளி கை வைக்கக் கூடாது என்பது அதன் மனோபாவம்.

அந்த வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடியின் கன்டெய்னர்களில் பெரும்பங்கு கொழும்பு போன்ற பெரிய துறைமுகங்களுக்கு ஃபீடர் கப்பல்களில் போகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் கேட் அடைக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரம் நெருங்கும்போது ஒரு சரக்கு நிலையத்தின் தளத்துக்கு விநாடிக்கு 20 கோரிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 0.1 விநாடியில் முடிந்தால், எந்த நொடியில் எட்டிப்பார்த்தாலும் சராசரியாக இரண்டு த்ரெட்தான் வேலையில் இருக்கும். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்போரின் எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்த விதியை ஜான் லிட்டில் நிரூபித்துக் காட்டியது 1961-ல். (தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே ஆண்டுதான்.) இப்போது ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு புது த்ரெட்டைக் கிளப்பிவிட்டுப் போகிறது, வெளித் தளம் மெதுவாகி அந்த த்ரெட் 30 விநாடி காத்திருக்கிறது என்றால், 20-ஐ 30-ஆல் பெருக்க வேண்டும்: 600. டாம்கேட்டின் கண்காணிப்புத் திரையோ இப்போதும் ‘200-ல் 2 வேலையில்’ என்றே காட்டும், ஏனென்றால் அந்த 600 அதன் பதிவேட்டில் இல்லை. தளம் சும்மா இருப்பதாக நினைத்து அது மேலும் மேலும் ஆட்களை உள்ளே விடும்.

மெமரி தீர்ந்துவிடும் என்று இந்த இடத்தில் பயமுறுத்துவது வழக்கம். அது அவ்வளவு சரியில்லை. 64-பிட் லினக்ஸில் ஜாவா ஒரு த்ரெட்டுக்கு 1 எம்பி ஸ்டாக் ஒதுக்கினாலும், அது வெறும் முகவரி இடம்தான். தொட்ட அளவுக்கே உண்மையான மெமரி செலவாகும். கழுத்தை நெரிப்பது வேறு இடம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக 100 கனெக்ஷன்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அப்ளிகேஷன் பக்கத்தில் பலர் பயன்படுத்தும் ஹிகாரி கனெக்ஷன் பூலில் வழக்கமான எண்ணிக்கை வெறும் 10. கனெக்ஷனைக் கையில் பிடித்தபடியே வெளித் தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதியிருந்தால், முதல் பத்து த்ரெட்கள் எல்லாவற்றையும் மடக்கிக்கொள்ளும். பின்னால் 590 நிற்கும். கேட் பாஸ் வந்துவிட்டதா என்று ஒரே ஒரு வரி பார்க்க வந்த ஆளும் அந்த 590-க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பின்னணி வேலை என்று பெயர் வைத்ததால் அது பின்னணியிலேயே இருந்துவிடாது.

எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்பது தூத்துக்குடிக் கரைக்குப் புதிய பாடமில்லை. முத்துச் சலாபம் கூட்டுவதற்கு முன் அரசு ஆட்கள் கடலடியில் சிப்பி இருக்கும் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைக்கும் முத்தை மதிப்பிட்டு, தேறும் என்று தெரிந்தபின்தான் அறிவிப்பு வெளிவரும். தோணியில் நின்றவர் யாரும் நினைத்தபோது தண்ணீரில் குதித்துவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் உண்டு. கல்லின் எடையில் அடிக்குப் போனவர் ஒரு நிமிடம்போல மூச்சடக்கிச் சிப்பியை வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால், இழுத்தெடுப்பது மேலே நிற்பவரின் கடமை. தோணியில் எத்தனை கயிறோ, அத்தனை பேர்தான் தண்ணீருக்குள். கோரிக்கையைக் கையாளும் ஹேண்ட்லருக்குள் கிளப்பிவிட்ட த்ரெட் கயிறில்லாமல் இறங்கியவர். எத்தனை பேர் கீழே என்பதும் தெரியாது, யார் மேலே வரவில்லை என்பதும் தெரியாது.

எண்ணிக்கையாவது நெரிசல் நேரத்தில்தான் கடிக்கும். ஆயுள் பிரச்சினை தினமும் கடிக்கும். வெப் சர்வர் என்பது நின்று நின்று ஓடும் வண்டி. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் 20 நிமிடம் யாரும் வராவிட்டால் அப்ளிகேஷனின் ப்ராசஸை நிறுத்திவிடுவது வழக்கமான அமைப்பு. ஆட்கள் வந்துகொண்டே இருந்தாலும் 1,740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, பழைய ப்ராசஸை ஓரங்கட்டிவிட்டுப் புதியதைக் கொண்டுவரும். (24-க்கு அடுத்த பகா எண் 29. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இது நேராமல் இருக்கத்தான் இந்த எண்ணாம்.) புதுப் பதிப்பு ஏற்றும்போதும் இதேதான் நடக்கும். சர்வர் தனக்குத் தெரிந்த கோரிக்கைகள் முடியும்வரை மரியாதையாகக் காத்திருக்கும். தெரியாத த்ரெட்டுக்காக அது ஏன் காத்திருக்க வேண்டும்? ஷிப்பிங் பில்லை வெளித் தளத்துக்கு அனுப்பிவிட்டு, ‘அனுப்பியாயிற்று’ என்று டேட்டாபேஸில் எழுதுவதற்கு முந்தைய கணத்தில் அந்த த்ரெட் செத்தது என்று வையுங்கள். பயனருக்கோ ‘ஆச்சு’ என்று முன்பே சொல்லிவிட்டோம். திரையில் தாக்கல் ஆகாததுபோல இருப்பதைப் பார்த்து அவர் மறுபடி அழுத்துவார். இரண்டு பில் போகும். அல்லது அவர் அழுத்தவில்லை என்றால் லாரி கேட்டுக்கு முன் நிற்கும்போதுதான் விஷயம் வெளிவரும். எந்த லாகிலும் பிழை என்று ஒரு வரிகூட இருக்காது.

இதற்கு மாற்று வழி சுங்கத் தாக்கல் முறைக்குள்ளேயே இருக்கிறது. தாக்கல் செய்யும் ஃபைலை ஏற்றிய கையோடு எல்லாப் பரிசோதனையும் முடிந்து பதில் வந்துவிடாது. ஃபைல் போய்ச் சேரும், அதற்கு ஒப்புகை வேறாக வரும், ஏற்றதோ மறுத்ததோ பின்னால் தெரியும். புரோக்கர் அலுவலகம் தன் பக்கத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு ஜாப் நம்பர் வைத்துக்கொள்ளும். எந்தப் பதில் எந்தத் தாக்கலுக்கு என்று பொருத்துவது அதை வைத்துத்தான். அப்ளிகேஷனுக்குள்ளும் இதே ஒழுங்கைக் கொண்டுவந்தால் போதும். பட்டனை அழுத்தியதும் ‘இந்த ஜாப் நம்பருக்கு இன்ன வேலை நிலுவை’ என்று டேட்டாபேஸில் ஒரு வரி. பயனருக்குப் பதில் ‘ஆச்சு’ அல்ல, ‘ஏற்றுக்கொண்டோம், நிலுவையில் உள்ளது’. வெப் சர்வருக்கு வெளியே தனியாக ஓடும் வொர்க்கர் ஒன்று அந்த வரியை எடுத்து வேலையைச் செய்து நிலையை மாற்றும். நடுவில் செத்தால் வரி அப்படியே இருக்கும், அடுத்து எழும் வொர்க்கர் அதை எடுக்கும். அதே வேலை இரண்டு முறை நடக்க வாய்ப்பு இருப்பதால் ஜாப் நம்பரைப் பார்த்து இரட்டிப்பைத் தடுக்கும் பரிசோதனையும் வேண்டும். இதில் பளபளப்பு ஒன்றுமில்லை. பழைய அலுவலகங்களின் தபால் பதிவேடு கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டைமர் த்ரெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தினமும் காலை ஆறு மணிக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) நினைவூட்டல் அனுப்ப, அப்ளிகேஷன் எழும்போதே ஒரு த்ரெட்டைத் தொடங்கி உறங்கவைப்பது பலர் செய்வது. ஒரு சர்வர் இருந்தவரை ஓடும். கூட்டம் அதிகமாகி மூன்று சர்வர் வைத்தால் ஏற்றுமதியாளருக்கு மூன்று நினைவூட்டல் போகும். இரவில் யாரும் வராமல் ஐஐஎஸ் தூங்கிவிட்டால் ஒன்றுகூடப் போகாது. கடிகாரம் வெப் அப்ளிகேஷனுக்குள் இருக்கக் கூடாது. க்ரான் போன்ற வெளி ஏற்பாடு அதற்காகத்தான் இருக்கிறது.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது: பத்துப் பேர் பயன்படுத்தும் தளத்துக்கு மெசேஜ் க்யூ, தனி வொர்க்கர், கண்காணிப்பு எல்லாம் எதற்கு? இந்த எரிச்சல் நியாயமானது. ராபிட்எம்க்யூவும் காஃப்காவும் இல்லாமல் எதையும் தொடங்கவே கூடாது என்று பேசுகிறவர்கள், நடத்தப்போகிற ஆளைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் க்யூவுக்குத் தனி மென்பொருள் தேவையே இல்லை. 2016 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5, வேறொருவர் பூட்டியிருக்கும் வரியைத் தாண்டி அடுத்த வரியை எடுக்கும் வசதியைக் கொடுத்தது. அது வந்தபின் இருக்கிற டேட்டாபேஸில் ஒரு டேபிளே க்யூவாகிவிடும். வொர்க்கர்கள் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்கமாட்டார்கள். தொலைந்தாலும் பரவாயில்லை என்ற வேலைகளுக்கு இதுவும் வேண்டாம். கேஷ் புதுப்பிப்பது, பார்வை எண்ணிக்கையைக் கூட்டுவது போன்றவற்றை அப்ளிகேஷனுக்குள்ளேயே, எழும்போது தொடங்கி அணையும்போது மூடப்படும் நான்கு த்ரெட் கொண்ட ஒரு பூலிடம் விடலாம். நாலுக்கு மேல் போகாது, சர்வர் அணையும்போது அதற்குச் சொல்லியனுப்ப வழியிருக்கிறது என்ற இரண்டும் உறுதியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒரே திரையில் டெர்மினல் நிலை, சுங்க நிலை, கப்பல் நேரம் என மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு விநாடி எடுக்கும். வரிசையாகக் கேட்டால் மூன்று விநாடி, ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்று. இதையும் தடுப்பதா? தடுக்கக் கூடாது. பழைய இஜேபி தடை தோற்றது இங்கேதான். தடை இருந்த காலத்திலும் புரோகிராமர்கள் திருட்டுத்தனமாக த்ரெட் கிளப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், ஏனென்றால் தேவை உண்மையானது. 2013-ல் ஜாவா இஇ 7 அதை ஒப்புக்கொண்டு, சர்வரே நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டர் ஒன்றைக் கொடுத்தது. அப்ளிகேஷன் வேலையைக் கொடுக்கும், த்ரெட் சர்வருடையது, எண்ணிக்கையும் யாருடைய பெயரில் ஓடுகிறது என்ற விவரமும் சர்வரிடம் இருக்கும். பத்தாண்டுக்கும் மேலான தடைக்குப்பின் விதி தளர்ந்த இடத்தைக் கவனியுங்கள்: ஒரே நேரத்தில் பல வேலை செய்ய அனுமதி கிடைத்தது, பதிவேட்டுக்கு வெளியே செய்ய இன்றும் அனுமதியில்லை.

மூன்றாவது: த்ரெட் இப்போது கொள்ளை மலிவு, பிறகென்ன? 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-ன் விர்ச்சுவல் த்ரெட்டுகளை லட்சக்கணக்கில் உண்டாக்கலாம். கோ மொழியில் கோரூட்டீன்கள் அப்படித்தான். செலவைக் காட்டிச் சொன்ன அறிவுரை இதோடு ஒழிந்தது, உண்மை. ஆனால் 600 த்ரெட் கணக்கில் நெரிந்தது டேட்டாபேஸ் கனெக்ஷன் என்பதை நினைத்தால், த்ரெட் மலிவானது நெரிசலைக் குறைக்கவில்லை என்பது தெரியும். 600 என்பது 60,000 ஆகச் சுலபமான வழிதான் கிடைத்திருக்கிறது. விர்ச்சுவல் த்ரெட்டை வடிவமைத்தவர்களே, அவற்றைப் பூலில் வைக்காதீர்கள், ஆனால் அரிதான வளத்தைத் தொடும் இடத்தில் செமஃபோர் வைத்து எத்தனை பேர் என்று கட்டுப்படுத்துங்கள் என்கிறார்கள். அதே ஜாவா 21-ல் முன்னோட்டமாக வந்த இன்னொரு அம்சம், ஒரு வேலை தொடங்கிய கிளைவேலைகள் எல்லாம் முடியாமல் அந்த வேலை முடிந்ததாகக் கருத முடியாது என்று கட்டிப்போடுகிறது. 2018-ல் புரோகிராமர் நத்தானியல் ஸ்மித், கிளப்பிவிட்டு மறந்துபோகும் வசதியே மொழியில் இருக்கக் கூடாது என்று பைத்தானை வைத்து வாதிட்டபோது அது அதிரடியாகத் தோன்றியது. இன்று பல மொழிகள் அந்தப் பக்கம் சாய்கின்றன. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையிலும் இதே போக்குதான். கொழும்பின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி, 2019-ல் 1.0 பதிப்பு கண்ட பாலரீனா மொழியில் புரோகிராமர் ‘வொர்க்கர்’ என்று பெயரிட்டு வேலையைப் பிரித்து எழுதுவார். அது எந்த த்ரெட்டில் எப்போது ஓடும் என்பதை ரன்டைம் முடிவுசெய்யும்.

ப்ராசஸ் கதை கொஞ்சம் வேறு. த்ரெட்டுக்குப் பதிலாக ப்ராசஸ் உண்டாக்க ஒரு வலுவான காரணம் உண்டு: நம்ப முடியாத ஃபைல். ஏற்றுமதியாளர் ஏற்றும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஸ்கேன் செய்த படம் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் 2016-ல் கண்டறியப்பட்ட ஓட்டை வழியாக, தந்திரமாகச் செய்த ஒரு படத்தை ஏற்றியே சர்வரில் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. அப்படிப்பட்ட ஃபைலை வெப் அப்ளிகேஷனின் மெமரிக்குள்ளேயே பிரித்துப் பார்ப்பதைவிடத் தனி ப்ராசஸில் பார்ப்பது எவ்வளவோ மேல். வெடித்தால் அது மட்டும் சாகும், அதற்கு மெமரி வரம்பும் நேர வரம்பும் போடலாம். கேள்வி, அதைப் பெற்றெடுப்பது யார் என்பதுதான். வெப் சர்வரே பெற்றெடுத்தால் இரண்டு வினோதங்கள் நேரும். யுனிக்ஸில் பிள்ளை ப்ராசஸ் தாயின் திறந்த ஃபைல்களையும் சாக்கெட்டுகளையும் கூடவே வாங்கிக்கொள்ளும். பிடிஎஃப் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று 80-ம் எண் போர்ட்டின் சாக்கெட்டைப் பிடித்திருக்க, தாய் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் ‘அந்த முகவரி பயன்பாட்டில் உள்ளது’ என்று எழ மறுக்கும். நிறுத்திய சர்வரின் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடினால், பிடிஎஃப் மாற்றும் புரோகிராம் நிற்கும். பைத்தான் 2014-ல் 3.4 பதிப்பிலிருந்து ஃபைல்கள் தானாகப் பிள்ளைக்குப் போகாதபடி மாற்றிக்கொண்டது இந்தத் தொல்லையால்தான்.

இரண்டாவது வினோதம் இன்னும் நயமானது. பல த்ரெட் ஓடும் ப்ராசஸ் தன்னை ஃபோர்க் செய்தால், அதாவது நகலெடுத்துக்கொண்டால், பிள்ளைக்குள் உயிரோடு இருப்பது ஃபோர்க்கை அழைத்த ஒரே த்ரெட் மட்டும். மற்ற த்ரெட்கள் மறைந்துவிடும், ஆனால் அவை பூட்டியிருந்த பூட்டுகள் பூட்டியபடியே நகலாகும். லாக் எழுதும் பூட்டை அந்தக் கணத்தில் வேறொரு த்ரெட் பிடித்திருந்தால், பிள்ளை முதல் வரி லாக் எழுதப் போய் அங்கேயே உறைந்துவிடும். பூட்டைத் திறக்க வேண்டிய த்ரெட் இந்த ப்ராசஸில் பிறக்கவே இல்லை. ஆயிரத்தில் ஒருமுறைதான் நேரும் என்பதால் சோதனையில் சிக்காது, நெரிசல் நேரத்தில்தான் சிக்கும். பைத்தான் 3.12, த்ரெட்கள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது. 2025 அக்டோபரில் வந்த 3.14, லினக்ஸில் மல்ட்டிப்ராசஸிங்கின் வழக்கமான முறையையே மாற்றிவிட்டது: இனி அப்ளிகேஷன் தானாக ஃபோர்க் செய்யாது, த்ரெட் சுமை இல்லாத சிறு சர்வர் ப்ராசஸ் ஒன்றைத் தனியே வைத்து, ‘எனக்கொரு வொர்க்கர் வேண்டும்’ என்று அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.